மதியம் இரண்டு மணிக்குப் பார்க்கவும்

மேடம்,

உங்கள் பெட்டி திரும்பி வந்துவிட்டது. இதை எழுதும்போது என் கடை மேசையில், செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. கடையில் எப்போதும் அடிக்கிற வார்னிஷ் வாசனையையும் மீறி ஃபீனாயில் மாதிரி ஒரு நெடி வருகிறது. சளி ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றுவீர்களே, அந்த நெடி. மூடியின் மேல் நீங்கள் ஒட்டிய பிளாஸ்திரி ஓரம் கருத்திருக்கிறதே தவிர உரியவில்லை. அதில் நீல மையில் உங்கள் கையெழுத்து: 'மதியம் 2 மணிக்குப் பார்க்கவும்.'

உங்கள் மருத்துவமனைக்குப் புது மைக்ராஸ்கோப் வந்துவிட்டதாம். எல்இடி விளக்கு வைத்தது. செல்போன் சார்ஜர் மாதிரி ஒன்றைச் செருகினால் போதும், கரண்ட் எப்படிக் குதித்தாலும் அது கண்டுகொள்ளாது. அதனால் நம் பெட்டிக்கு வேலை இல்லை. ஆபீஸில் இருக்கிற பெண் போன வாரம் போன் செய்தது. "சார், ஒங்க பொட்டி ஒண்ணு இங்க எடத்த அடச்சிக்கினு இருக்குது. எடுத்துகினு போறீங்களா, காயலாங்கடைக்குப் போட்டுடட்டுமா?" என்று கேட்டது. காயலாங்கடை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது. நல்லவேளை, போனில் கத்தவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினேன்.

நீங்கள் இல்லாத மலைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

முதன்முதலாக உங்களைப் பார்த்த நாளும் இப்படி ஒரு காலைதான். வெள்ளிமலையைத் தாண்டி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே நான்கு அறைகளும் வாசலில் ஒரு கடுக்காய் மரமுமாக ஒரு சின்ன மருத்துவமனை. அதில் கடைசி அறை உங்கள் லேப். தியாகதுருகத்துக்காரர் நீங்கள், வாரம் முழுக்க மலையில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. மலைச்சனங்கள் உங்களைச் 'சளியம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு யாராயிருந்தாலும் முகம் சுளித்திருப்பார்கள். நீங்களோ, "காசநோய் இருக்குதா இல்லியான்னு சளியப் பாத்துதான சொல்றேன், பின்ன சந்தனம்மான்னா கூப்புடுவாங்க?" என்று சிரித்தீர்கள்.

உங்கள் தொல்லை இதுதான். மைக்ராஸ்கோப்பின் அடியில் ஆறு வோல்ட் பல்பு ஒன்று. அதன் பெட்டிக்குள் இருந்த ட்ரான்ஸ்ஃபார்மர், வருகிற கரண்டை அப்படியே வகுத்துக் கொடுக்கிற சாது. இருநூற்று முப்பது வந்தால் ஆறு கொடுக்கும். ஆனால் மலையில் இருநூற்று முப்பது எந்தக் காலத்தில் வந்தது? காலையில் ஊர் மோட்டார் எல்லாம் ஓடும்போது நூற்றெழுபது. மோட்டார்கள் நின்ற பிறகு மதியம் இருநூற்றெழுபது. காலையில் பல்பு அழுது வடியும், மதியம் வெடுக்கென்று ஃப்யூஸ் ஆகும். புதுப் பல்பு கீழே இருந்து வர ஒரு வாரம் ஆகும். அதுவரை ஸ்லைடுகள் கள்ளக்குறிச்சிக்குப் போய் முடிவு மட்டும் திரும்பி வரும், ஆள் திரும்பி வரமாட்டார். கேரளத்துக்கோ குடகுக்கோ எஸ்டேட் வேலைக்குப் பஸ் ஏறியிருப்பார், இருமலையும் கூடவே எடுத்துக்கொண்டு. காலையில் சளி கொடுத்தவருக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் உங்கள் ஒரே பிடிவாதம்.

மெயின் கரண்ட் எப்படி வந்தாலும் நிலையாக ஆறு வோல்ட் ஏசி கரண்ட் கொடுக்கிற ஒரு பெட்டி வேண்டும் என்று உங்கள் மருத்துவமனையிலிருந்து என்னைக் கேட்டார்கள். எனக்கென்ன, டிப்ளமா படித்தவன், பத்து வருஷமாக ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவன். முதலில் ரிலே வைத்துச் செய்து கொடுத்தேன். வோல்டேஜ் ஏற ஏற டக், டக் என்று ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாறும். ஒவ்வொரு டக்குக்கும் வெளிச்சம் தாவியது. ஸ்லைடில் நுணுக்கி நுணுக்கிக் கிருமி எண்ணிக்கொண்டிருந்த நீங்கள் மூன்றே நாளில் அதைத் திருப்பி அனுப்பினீர்கள். "கண் சிமிட்டாத பொட்டியாக் குடுங்க சார்" என்று துண்டுச் சீட்டில் எழுதியிருந்தீர்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ராவும் பகலும் அதே யோசனையாக இருந்து இரண்டாவது பெட்டியைச் செய்தேன். அதில் டக் இல்லை. ட்ரையாக் என்று ஒரு சின்ன உருப்படி, கரண்டின் ஒவ்வொரு அலையிலும் வேண்டாத பகுதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். வோல்டேஜ் ஏறினால் அதிகம் வெட்டும், இறங்கினால் குறைவாக வெட்டும். எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்ய, வெளியே போகிற வோல்டேஜின் சராசரியை எடுத்துப் பார்க்கும்படி ஒரு சர்க்யூட் போட்டேன். மீட்டரை வைத்தால் எந்த நேரமும் 6.0. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம்கூட அசையவில்லை. கடையில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆனால் பல்புகள் ஃப்யூஸ் ஆவது நிற்கவில்லை. முன்னைவிட வேகமாகப் போயின.

மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் காலை பஸ்ஸில் வந்து, பத்து மணிக்கு மீட்டர் வைத்து, 6.0 பார்த்து, பன்னிரண்டரை பஸ்ஸில் கீழே இறங்கினேன். அதை விட்டால் சாயங்காலம்தான் பஸ். நீங்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தீர்கள், மதியத்தில் வெளிச்சம் வெள்ளையாகிவிடுகிறது என்று. நான் கேட்டேனா? "கண்ணுக்கு ஆயிரம் தோணும் மேடம், மீட்டருக்குத் தோணாது" என்றேன். அந்த வாய்க்கொழுப்பை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

மூன்றாவது தடவை மருத்துவமனை மேலாளர் என்னிடம் ஒரு சர்வீஸ் ரிப்போர்ட் கேட்டார். யார் மேல் தவறு என்று அவருக்குத் தெரிய வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பேனாவை எடுத்து நின்றபடியே எழுதினேன்: 'கருவி சரியாக இயங்குகிறது. பல்புகள் பழுதாவதற்குக் கையாளும் முறையே காரணம்.' எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையால் தொட்டுக் கண்ணாடியில் விரல்ரேகை பட்டால் அந்த வகைப் பல்பு போய்விடும் என்று எங்கோ படித்தது, கைகொடுத்தது. நீங்கள் பல்பை எப்போதும் பஞ்சால் பிடித்துத்தான் மாட்டுவீர்கள் என்பதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன். பார்த்திருந்தும் எழுதினேன்.

அடுத்த வாரம் உங்களுக்கு மெமோ வந்தது. ஏழு நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். உங்கள் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அந்த வருஷத்துக் கெடு அடுத்த மாதம். இதையெல்லாம் நீங்களே போனில் சொன்னீர்கள். ஒரு சுடுசொல் இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"நாளன்னிக்கு வாங்க சார். ஆனா பன்னண்டரை பஸ்ஸுக்குப் போவக்கூடாது. மதியானம் ரெண்டு மணி வரைக்கும் என்கூட ஒக்காந்து பாருங்க. அப்பறம் நீங்க இன்னா எழுதனாலும் நான் கையெழுத்துப் போடறேன்."

போட்டி என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வந்து பார்த்தால் லேப் ஜன்னலைப் போர்வையால் மூடி இருட்டாக்கி வைத்திருக்கிறீர்கள். மேசையின் இந்தப் பக்கம் என் பெட்டியில் ஒரு பல்பு. அந்தப் பக்கம், எமர்ஜென்சி விளக்கிலிருந்து கழற்றிய ஆறு வோல்ட் பேட்டரியில் அதே மாதிரி இன்னொரு பல்பு. நடுவே, சரியாகப் பாதி தூரத்தில், ஸ்லைடு காயவைக்கிற தாங்கியில் ஒரு கிழிந்த வெள்ளைத் தாள். தாளின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு எண்ணெய்க் கறை. முந்தின நாள் கடையில் மசால் வடை மடித்துக் கொடுத்த தாளாம். வாசனைகூட இருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"சிரிங்க. ஆனா அந்தக் கறையப் பாத்துகினே சிரிங்க."

பார்த்தேன். காலை பத்து மணி. இரண்டு பல்பும் எரிந்தன, தாளில் கறையைக் காணோம். இந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இல்லை, அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இல்லை. எண்ணெய் பட்ட இடம் வெளிச்சத்தை உள்ளே விடும். இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் விழுந்தால் கறை தாளோடு தாளாக மறைந்துவிடும். ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கம் இருண்டும் மறுபக்கம் பளிச்சென்றும் தெரியும். பள்ளிக்கூடத்தில் நானும் படித்ததுதான். பரீட்சை எழுதியதும் மறந்ததுதான். பேட்டரி ஆறு, பெட்டி ஆறு, கறை இல்லை. இதைத்தானே நான் தலைதலையாய் அடித்துக்கொள்கிறேன் என்றேன். நீங்கள் ஸ்லைடு பார்க்கப் போய்விட்டீர்கள்.

பன்னிரண்டரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீங்கள் உங்கள் டிபன் பாக்ஸில் பாதியை எனக்கு வைத்தீர்கள், எலுமிச்சைச் சோறு. ஒருமணிக்கு மேல் ஊருக்குள் மோட்டார் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. இரண்டு மணிக்கு லேப்புக்குள் கூப்பிட்டீர்கள்.

முதலில் மீட்டரைத்தான் வைத்தேன். 6.0. உங்களைத் திரும்பிப் பார்த்தேன், ஜெயித்த பார்வை. நீங்கள் தாளைக் காட்டினீர்கள்.

கறை திரும்பி வந்திருந்தது. பேட்டரிப் பக்கமிருந்து பார்த்தால் பளிச்சென்று, என் பெட்டிப் பக்கமிருந்து பார்த்தால் கருகருவென்று. என் பல்பு மஞ்சளே இல்லாமல் வெள்ளை வெளேரென்று எரிந்தது. மறுபடி மீட்டரைப் பார்த்தேன். 6.0. மறுபடி கறை. எத்தனை தடவை அங்கும் இங்கும் பார்த்தேனோ தெரியாது.

"மீட்டர இன்னாத்துக்கு சார் கேட்டுகினே இருக்கீங்க? எரியறது வெளக்குதான. வெளக்கையே கேளுங்களேன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் மேடம். புரிந்துவிட்டது. சாதாரண மீட்டர், வெட்டுப்படாத முழு அலைக்குத்தான் சரியான கணக்குச் சொல்லும். அதுவும் சராசரியைத்தான் பார்க்கிறது, நான் போட்ட சர்க்யூட்டும் சராசரியைத்தான் பார்க்கிறது. மதியம் வோல்டேஜ் ஏறியதும் என் பெட்டி அலையை அதிகமாக வெட்டியது. மிச்சமிருந்த துண்டுக்குள் அதே சராசரியைத் திணித்தது. மூன்று வேளைச் சோற்றை ஒரே வேளையில் திணித்தால் கணக்குச் சரியாக வரும், வயிறு என்ன ஆகும்? பல்புக்கு உள்ளபடி போனது ஏழே முக்கால் வோல்ட். நானே கேள்வி போட்டு, நானே விடை எழுதி, நானே மார்க்கும் போட்டிருக்கிறேன். காலை பஸ்ஸில் வந்து மதிய பஸ்ஸில் போனதால் அந்த ஏழே முக்கால் என் கண்ணில் படவே இல்லை.

அதை உங்களுக்கு விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான் பல்ப கையால தொடலன்னு ஆயிப்போச்சி" என்றீர்கள். அவ்வளவுதான் உங்களுக்கு வேண்டியிருந்தது. ஆமாம் மேடம் என்றேன். எழுதித் தருகிறீர்களா என்று கேட்டீர்கள். தருகிறேன் என்றேன்.

அடுத்த வாரமே பெட்டியைத் திருத்தினேன். நீங்கள் சொன்ன மாதிரியே விளக்கைத்தான் கேட்டேன். பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன பல்பு, அதற்கு எதிரே வெளிச்சம் உணர்கிற ஒரு கண்; அலையை எவ்வளவு வெட்டுவது என்று இனி அந்தக் கண்தான் முடிவு செய்யும். இரண்டையும் வெளி வெளிச்சம் படாமல் மூடி வைக்க நீங்கள் கொடுத்த காலி மாத்திரை டப்பா. உள்பல்பு நிலையாக எரிந்தால் வெளிப்பல்பும் நிலையாக எரியும். அன்று மதியம் இரண்டு மணிக்கு நாம் இரண்டு பேரும் இன்னொரு வடைத்தாளின் முன் நின்றோம். கறை இல்லை. இரண்டேகாலுக்கும் இல்லை. நீங்கள் உடனே பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, எனக்குப் பிறகு வரப்போகிற மெக்கானிக்குகளுக்காக இந்த வரியை எழுதினீர்கள். எனக்காகவும்தான் என்று எனக்குத் தெரியும்.

ரிப்போர்ட்டும் எழுதினேன். அதில் என்ன எழுதினேன் என்பதுதான் இந்த மடலே. 'கருவியில் சிறு மேம்பாடு செய்யப்பட்டது.' ஒரே வரி. என் பெட்டிதான் பல்புகளைக் கொன்றது என்று எழுதப் பேனா வரவில்லை. நீங்கள் அதை வாங்கி இரண்டு தடவை படித்தீர்கள்.

"மேம்பாடா சார்?"

"ஆபீஸ் பாஷை மேடம். அர்த்தம் அதான்."

"சரிங்க" என்றீர்கள்.

பல்புகள் அதற்குப் பிறகு மாசக்கணக்கில் எரிந்ததால் உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். மெமோவை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்யக் காரணம் வேண்டுமே; 'மேம்பாடு' காரணமாகாதே.

நீங்கள் என்னோடு முறைத்துக்கொள்ளவில்லை. வருஷங்கள் ஓடின. கள்ளக்குறிச்சிக்கு வந்தால் கடைக்கு வருவீர்கள், கடுக்காயோ தேனோ கையில் இருக்கும். நான் புதிதாக ஏதாவது செய்தால் முதலில் உங்களுக்குத்தான் போன். சொட்டுநீர்ப் பாசன வால்வுகளுக்கு இருபத்துநாலு வோல்ட் ஏசி பெட்டி செய்ய ஆரம்பித்தபோது, "மதியானம் பாத்தீங்களா?" என்றுதான் முதல் கேள்வி. கேலி செய்வீர்கள், அந்த ரிப்போர்ட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டீர்கள். நானும் பேசவில்லை. பேசாமலே மறந்துவிட்டீர்கள் என்று வசதியாக நினைத்துக்கொண்டேன்.

உளுந்தூர்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சொன்னீர்கள். பழைய இடத்து ஃபைலைக் கேட்டிருக்கிறார்கள், அதில் அந்த மெமோ இருக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், தியாகதுருகம் பஸ் நிற்கிற இடத்தில் நின்று கேட்டீர்கள்: "ஒரே ஒரு வரி சார். தப்பு என் கை மேல இல்லன்னு." அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். இரண்டு தடவை போன் செய்தீர்கள். ஒரு தடவை வேலையாக இருக்கிறேன் என்றேன். இன்னொரு தடவை எடுக்கவில்லை. எடுக்காததற்கு வேலை காரணமில்லை. என் கடைப் பெயர் போட்ட தாளில், என் பெட்டி தப்பு என்று, என் கையால். அதுதான். அந்த வேலை உங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மெமோதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிச்சலில்லை. நீங்கள் மலையிலேயே இருந்தீர்கள்.

போன ஆடியில் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று தியாகதுருகம் வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரியவந்தபோது காரியமே முடிந்திருந்தது.

அன்று மலைக்குப் போனபோது பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கத்தான் நினைத்தேன். பன்னிரண்டரை பஸ்ஸுக்கு அரைமணி இருந்தது. என்ன தோன்றியதோ, உங்கள் ஃபைலைப் பார்க்கலாமா என்று ஆபீஸ் பெண்ணிடம் கேட்டேன். தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது.

மெமோ இருந்தது. அதற்கு அடியில் நீங்கள் கொடுத்த விளக்கம், அதே நீல மை. மேலாளர் அதன் தலையில் 'கோப்பில் வைக்கவும்' என்று கிறுக்கியிருந்தார். நீங்கள் எழுதியிருந்தீர்கள்: 'பல்புகள் மதியம் இரண்டு மணிக்குமேல்தான் பழுதாகின்றன. நான் மதியத்தில் மட்டும் கவனக்குறைவாக இருக்கிறேனா என்பதை நிர்வாகம் விசாரிக்க வேண்டுகிறேன்.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உங்கள் குரலே கேட்டது. அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. 'கருவியை வடிவமைத்தவர் நேரில் இருந்து பார்த்துத் தவறை ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். இதை அவரே எழுதித் தருவார்.' அதற்கும் கீழே, 'இணைப்பு: தாள் ஒன்று.'

வடைத்தாள் குண்டூசியோடு இருந்தது. ஊசி துருப்பிடித்திருந்தது. எண்ணெய் அதற்கு அடுத்த தாளுக்கும் இறங்கியிருந்தது. அடுத்த தாள் என்னுடையது, 'சிறு மேம்பாடு'.

எவ்வளவு நேரம் நின்றேனோ. பஸ் ஹாரன் கேட்டது, போய்விட்டது. ஆபீஸ் பெண்ணிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். 'பல்புகள் பழுதானதற்கு நான் வடிவமைத்த கருவியே முழுக் காரணம். என் முதல் அறிக்கை பொய். ஆய்வக நுட்புநர் மீது எந்தத் தவறும் இல்லை.' பெயர், கையெழுத்து, கடை முத்திரை. அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இத இப்ப யாரு சார் பாக்கப்போறா? அவங்கதான் இல்லியே" என்றது.

"நான் இருக்கேன்லம்மா" என்றேன்.

அது தாளை வாங்கி மெமோவின் மேல் வைத்துத் தைத்தது.

உங்களுக்கு அது உதவப் போவதில்லை. எனக்குத் தெரியும். உயிரோடு இருந்த உங்களுக்கு ஒரு வரி தர முடியாதவன், இல்லாத உங்களுக்கு மூன்று வரி எழுதியிருக்கிறேன். இதை மன்னிப்பு என்று சொல்லிக்கொள்ளவும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது என் கடையிலிருந்து எந்தப் பெட்டி வெளியே போனாலும் அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஒரு பக்கம் பேட்டரியில் பல்பு, ஒரு பக்கம் பெட்டியில் பல்பு, நடுவே எண்ணெய் தொட்ட தாள். கறை மறைந்தால்தான் கையெழுத்து. நல்ல மீட்டர் வாங்கிவிட்டேன், வெட்டுப்பட்ட அலைக்கும் சரியாகச் சொல்லும் மீட்டர். இருந்தாலும் இதை விடவில்லை. பார்க்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். கறையைப் பார்த்துக்கொண்டே சிரிக்கச் சொல்கிறேன்.

உங்கள் பெட்டியை இப்போதுதான் கரண்டில் செருகினேன். மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிற பல்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. மூடியின் இடுக்கில் துளி மஞ்சள் தெரிகிறது. மணி பதினொன்று ஆகிறது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன் மேடம்.